தீபாவளி முடிந்ததும் கிளம்புகிறவர்களுக்கு

தீபாவளி முடிந்ததும் சிவகாசி வேறு ஊராகிவிடும். பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும். பூஜை போட்டு மறுபடி வேலை தொடங்க வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் இப்போது நம் பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா, துபாய், தாய்லாந்து என்று கிளம்புகிறார்கள். நல்லதுதான். காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தே தலை நரைத்தவன் நான். வெளிநாடும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். போய்விட்டு வந்தவர்கள் சொன்னதை அதைவிட அதிகமாகக் கேட்டிருக்கிறேன். முதல்முறை போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

1. எதற்குப் போகிறோம் என்று முதலில் வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். அடுத்த வருடம் திரும்பி, ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்து இங்கே தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். வானம் பார்த்த கரிசல் பூமிக்கு அந்த ஒரு பயணத்தால் பிழைப்பு வந்தது. பிறகு பட்டாசு வந்தது, லேபிள் அடிக்கப் போய் அச்சகமும் வந்தது. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஊர் நம்முடையது. அதில் ஒரு கோளாறும் ஒட்டிக்கொண்டது. எங்கே போனாலும் ஏதாவது சம்பாத்தியத்துக்கு வழி கண்டுபிடித்துத்தான் திரும்ப வேண்டும் என்று நினைக்கிறோம். பட்டாயா கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு, அட்டைப்பெட்டி இங்கே என்ன விலைக்குப் போகிறது என்று விசாரிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு பேரும் தொழில் கற்கவே போனார்கள், மாதக்கணக்கில் தங்கிக் கற்றார்கள். நீங்கள் ஒரு வாரம் ஓய்வெடுக்கப் போகிறீர்கள். ஒவ்வொரு பயணமும் ஒரு ஆலையைக் கொண்டுவர வேண்டியதில்லை.

2. தேதி குறிப்பதில்தான் பாதிச் சண்டை வரும். பட்டாசுக்காரருக்குத் தீபாவளிக்குப் பின்தான் ஓய்வு. அச்சகத்துக்காரருக்கு அப்போதுதான் கழுத்தை நெரிக்கும் வேலை. ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து டிசம்பர் கடைசி வரை அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல் சமயத்தில் ஊரைவிட்டுப் போனால் அம்மன் கோபிக்கிறாளோ இல்லையோ, பெரியவர்கள் கோபிப்பார்கள். மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை, விமானக் கட்டணமோ எகிறிக் கிடக்கும். மாப்பிள்ளை பட்டாசு, பெண் வீடு பிரஸ் என்றால் பொதுவான நாளே அகப்படாது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு நான் சொல்வது தை மாதம்தான். பொங்கல் கழிந்து பத்து நாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆசிரியர்கள் மன்னிக்க.

3. பாஸ்போர்ட்டில் பெயர் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். நாம் அப்பா பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கியே பழகியவர்கள். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுத வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் இன்னொரு எழுத்து என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தவர்கள் நம் பக்கம் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது துபாய் டிக்கெட் எடுத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இன்னொன்று, வெளிநாட்டு விமான நிலையத்தில் ஒலிபெருக்கியில் உங்கள் அப்பா பெயர் கேட்டால் எழுந்து ஓடுங்கள். உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். படிப்பைப் பாதியில் விட்டுத் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வந்த தலைமுறை இங்கே பெரியது. உங்கள் அம்மாவும் அதில் ஒருவராக இருக்கலாம். சுற்றுலா போக அது தடையில்லை. வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால்தான் குடிபெயர்வு அனுமதி வேண்டும். “டூரிஸ்ட் விசாவில் போ, போன பிறகு வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம்” என்று ஆசை காட்டும் ஏஜெண்டைப் பார்த்தால் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

4. விசா விதிகளை ஊர்க்காரர் வாயால் கேட்டு நம்பாதீர்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் சுற்றுலா போகும் இந்தியர்களிடம் 30 நாள் வரை விசா கேட்பதில்லை, ஆனால் வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பியாக வேண்டும். சிங்கப்பூருக்கு இரண்டும் வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். போன தீபாவளிக்கு இருந்த விதி இந்தத் தீபாவளிக்கு இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

5. இது பட்டாசு வேலையில் இருப்பவர்களுக்கு. ஆலைக்குக் கொண்டுபோகும் பையை விமானத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். அந்தச் செருப்பும் வேண்டாம், அந்தச் சட்டையும் வேண்டாம். விமான நிலையத்தில் ஒரு சிறு துணித்துண்டால் பையையும் கையையும் தடவி இயந்திரத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வெடியுப்புத் தூள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டியிருந்தாலும் அது சத்தம் போடக்கூடும். மருந்து அறையில் வேலை பார்ப்பவருக்கு நகக்கண்ணிலும் பையின் தையலிலும் தூள் தங்கியிருக்கும். புதுப் பை வாங்குங்கள், அல்லது வேறு தொழில் பார்க்கும் உறவினரிடம் இரவல் வாங்குங்கள். அப்படியும் சத்தம் வந்தால் பதறாமல், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லி, ஆலை அடையாள அட்டையைக் காட்டுங்கள். மறுபடி சோதிப்பார்கள், நேரமாகும். அதற்காகவே சீக்கிரம் போக வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைகளுக்கு ஆசையாகக் கம்பி மத்தாப்பு, பொட்டு வெடி என்று எதையும் பெட்டியில் போடாதீர்கள். தீப்பெட்டியும் கூடாது. தீப்பெட்டி ஊர்க்காரனுக்கு இது கொஞ்சம் வருத்தமான விதிதான். சிங்கப்பூரில் 1972லேயே பட்டாசுக்குத் தடை வந்துவிட்டது. தீபாவளிக்கு சிராங்கூன் சாலையில் விளக்கு அலங்காரம் பிரமாதமாக இருக்கும், சரவெடிச் சத்தம் இருக்காது.

ஒரு விஷயத்தில் நாம் மற்ற ஊர்க்காரர்களைவிடத் தேர்ந்தவர்கள். ஆலை வாசலில் செல்போனைக் கொடுத்துவிட்டு, பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போய்ப் பழகியவர்களுக்கு விமான நிலையச் சோதனை புதிதில்லை. அங்கே முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் எந்த வாசலிலும் யாரும் நிறுத்திக் கேட்காமல் வளர்ந்தவர்கள்.

6. வரிசையில் நிற்கும்போது தொழில் பேச்சு வேண்டாம். “அணுகுண்டு இந்த வருசம் எத்தனை கேஸ் போச்சு?” என்பது சிவகாசி டீக்கடையில் குசலம் விசாரிப்பது. மதுரை விமான நிலையத்தில் அதே கேள்வி வேறு மாதிரி காதில் விழும்.

7. தின்பண்டம். சாத்தூர் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இல்லாமல் நம்மவர்கள் கிளம்ப மாட்டார்கள். சேவு எங்கே போனாலும் தாங்கும். பால்கோவாவைக் கிளம்பும் அன்றைக்கே வாங்கி, கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்று விமானத்தில் அனுமதிப்பதில்லை. கசகசாதான் பெரிய வம்பு. அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் கணக்கில் வரும். அத்தை அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேட்காமல் வாங்கி வைக்காதீர்கள். கேட்டால் அத்தை கோபிப்பார்தான். பரவாயில்லை. ஆஸ்திரேலியா போகிறவர்கள் எந்த உணவுப் பொருளாக இருந்தாலும் படிவத்தில் அறிவித்துவிட வேண்டும், வற்றல் மிளகாய் உட்பட.

8. கோட்டு சூட்டு தைக்க வேண்டாம். விருதுநகர்க்காரர் காமராஜர் 1966ல் சோவியத் நாட்டுக்கும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் வேட்டி சட்டையோடுதான் போய் வந்தார். குளிர் நாடு என்றால் கம்பளிச் சட்டையும் நல்ல காலணியும் போதும். சதுரகிரிக்கு அமாவாசை தோறும் ஏறுகிறவர்களுக்கு நடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் ஒரு மாதமாவது காலையில் நடந்து பழகுங்கள்.

9. வெளிநாடு போகும் முன் குற்றாலம் போங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நம் ஊர் வழக்கப்படி வேன் பிடித்து விடியற்காலையில் போய், அருவியில் குளித்து, மத்தியானம் பிரியாணி சாப்பிட்டு, ராத்திரிக்குள் வீடு திரும்புவது ஓய்வாகாது. சாரல் சமயத்தில் போய் இரண்டு இரவு தங்கிப் பாருங்கள். இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு உங்களுக்கு என்ன ஆகிறது என்று கவனியுங்கள். கை தானாகப் போனைத் தேடுகிறதா? குடோனில் லோடு இறங்கிவிட்டதா என்று கேட்கிறீர்களா? வீட்டுக்காரியோடு பேச ஒன்றும் தோன்றாமல் முழிக்கிறீர்களா? அப்படியானால் லட்ச ரூபாய் செலவழித்துக் கோலாலம்பூர் போனாலும் இதே கதைதான். வேலை செய்ய இந்த ஊரில் யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. சும்மா இருக்கத்தான் பழக்கம் வேண்டும், அது ஒரே நாளில் வராது.

10. கண்காட்சிக்குப் போகும் பயணத்தோடு சுற்றுலாவைக் குழப்பாதீர்கள். அச்சகத்துக்காரர்கள் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் நடக்கும் துரூபா கண்காட்சிக்குப் போவார்கள். 2020ல் கொரோனாவால் தடைபட்ட அது 2024 மே 28 முதல் ஜூன் 7 வரை மறுபடி நடந்தது. பகலெல்லாம் இயந்திரங்களுக்கு நடுவே நின்று கால் வீங்கிப்போய் ஓட்டலுக்கு வந்து படுப்பதுதான் அங்கே வேலை. கண்காட்சி முடிந்த பின் இரண்டு நாள் தனியாக ஒதுக்குங்கள். பக்கத்திலேயே கொலோன் பேராலயம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் ஹைடெல்பர்க். அந்தப் பெயரை நாம் ஆஃப்செட் மெஷினில் மட்டும்தான் படித்திருக்கிறோம். நெக்கர் ஆற்றங்கரையில், குன்றின்மேல் பழைய கோட்டையோடு அழகான ஊர் அது. விலைப்பட்டியலைப் பெட்டியில் பூட்டிவிட்டு ஆற்றோரம் நடங்கள்.

பட்டாசுக்காரர்களுக்குச் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் லியூயாங் இருக்கிறது, நம்மைப் போலவே வாணத்தால் பிழைக்கும் ஊர். அங்கே போனால் தொழில் கண்ணை மூடச் சொல்ல மாட்டேன், மூடவும் முடியாது.

11. எந்த ஊரிலாவது வாணவேடிக்கை நடந்தால் கட்டாயம் பாருங்கள். சிவகாசிக்காரன் வானத்தைப் பார்க்கும் விதமே வேறு. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு என்று மனசு கணக்குப் போடும். நீலம் சுத்தமாக விழுந்தால் கை தட்டத் தோன்றும், அது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். எனக்கு ஆசை ஜப்பானின் நாகோகா. 1945 ஆகஸ்ட் 1 இரவு அமெரிக்க விமானங்கள் குண்டு வீசி எரித்த ஊர் அது. 1,400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வருடந்தோறும் ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் ஆற்றங்கரையில் வாணம் விடுகிறார்கள். இறந்தவர்கள் நினைவாக வெள்ளை வாணம் எழும்பும். கொண்டாட்டத்துக்கு மட்டும்தான் வெடி என்று நினைத்திருக்கும் நமக்கு அது வேறொரு பாடம். ஆகஸ்டில் ஆலையும் அச்சகமும் நம்மை விடாது. என்னைப் போல வேலையிலிருந்து நின்றவர்கள் போகலாம்.

12. முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. உங்களுக்கு விடுமுறையாகும் அதே வாரங்கள், பீஸ் கணக்கில் திரி வைப்பவருக்கும் பெட்டி ஒட்டுபவருக்கும் கூலியில்லாத வாரங்கள். போனஸ் கரைந்து, ஆலை எப்போது திறக்கும் என்று காத்திருப்பார்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது அந்த வீடுகள் எப்படி இருந்தன என்று கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மரினா பே நீச்சல் குளத்தை வைக்கத்தான் வேண்டுமா? சட்டப்படி வருடத்தில் குறிப்பிட்ட நாள்கள் வேலை பார்த்தவருக்கு, பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கிளம்பும் முன் உங்கள் ஆலையில் அந்தக் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள். வேலை பார்க்கும் பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள். தயவு தாட்சண்யத்தில் கிடைக்கும் விஷயமில்லை அது.

13. கடைசியாக, நாள் நட்சத்திரம். காலண்டரில் சூலமும் ராகு காலமும் பிழையில்லாமல் வருகிறதா என்று பார்த்தே வயதானவன் நான், அதனால் கேலி செய்ய மாட்டேன். சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறது. திங்களும் சனியும் கிழக்கே சூலம். டிக்கெட் அந்த நாளில்தான் மலிவாகக் கிடைக்கிறது என்றால் எடுத்துவிடுங்கள். பரிகாரம் தயிர் என்று அதே தாளில் நாங்களே அச்சடித்திருக்கிறோம், ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுங்கள். ராகு காலம் கழியட்டும் என்று மட்டும் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். சிவகாசியிலிருந்து மதுரை விமான நிலையம் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். விருதுநகரில் எண்ணெய் பரோட்டாவுக்கு நிறுத்தினால் இரண்டரை.