கோபுர வாசலில் சூரியன்

எங்கள் வகுப்புக்குப் பூ விற்கும் அக்கா ஒருவர் வருகிறார். திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் கடை. தோவாளைப் பூவைக் கட்டி, முழம் போட்டு விற்பார். 2024 பிப்ரவரியில் ஒரு நாள், நாள்காட்டி படிக்கப் பழகிக்கொண்டிருந்தோம். அக்கா விரல் வைத்து எண்ணினார். 29 வந்ததும் நிறுத்தினார்.

“போன வருஷம் 28தானே தம்பி? இந்த ஒரு நாள் எங்கிருந்து வந்தது? நான் கடைக்குத் தினவாடகை கொடுக்கிறேன். ஒரு நாள் கூடினால் வாடகையும் கூடுமே!”

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. படித்துவிட்டு மறுநாள் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

பூமி தன்னைத் தானே சுற்றுகிறது. அதனால் பகலும் இரவும் வருகின்றன. அது சூரியனையும் சுற்றி வருகிறது. ஒரு சுற்று முடிந்தால் ஒரு வருடம். ஆனால் அந்தச் சுற்று 365 நாளில் சரியாக முடிவதில்லை. மேலும் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி ஆகிறது. ஏறக்குறைய கால் நாள்.

“அக்கா, ஒவ்வொருவருக்கும் கால் முழம் கொசுறு கொடுத்தால் என்ன ஆகும்?”

“நாலு பேருக்குக் கொடுத்தால் ஒரு முழம் போச்சு!”

அதேதான். நாலு கால் நாள் சேர்ந்து ஒரு நாள். அதைத்தான் நான்கு வருடத்துக்கு ஒரு முறை பிப்ரவரியில் சேர்க்கிறோம். அது லீப் வருடம்.

சேர்க்காவிட்டால் என்ன? பத்மநாபசுவாமி கோயில் கிழக்குக் கோபுரத்தைப் பாருங்கள். மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் சமமாக இருக்கும். அன்று மாலை சூரியன் நேர் மேற்கே இறங்கும். கோபுரத்தின் நடு வாசல்களில் ஒன்றன்பின் ஒன்றாக, மேலிருந்து கீழாகத் தெரியும். செப்டம்பர் 22, 23 வாக்கிலும் இப்படித்தான். அக்கா இதைப் பல முறை கடையில் இருந்தே பார்த்திருக்கிறார். லீப் நாள் இல்லையென்றால் 100 வருடத்தில் இந்தக் காட்சி 24 நாள் தள்ளி, ஏப்ரலுக்குப் போய்விடும். ஜூன் 1 வாக்கில் வரும் தென்மேற்குப் பருவமழையும் நாள்காட்டியில் ஜூன் 25 ஆகிவிடும். கேரளத்தில் விசைப்படகு மீன்பிடித் தடை ஜூன் மாதம் தொடங்குகிறது. மழை ஒரு பக்கம், தேதி ஒரு பக்கம் என்றால் கடலோரத்தில் என்ன பாடு!

இன்னொரு சங்கதி. கொசுறு முழு கால் முழம் அல்ல, கொஞ்சம் குறைவு. நான்கு வருடத்தில் சேர்வது 23 மணி 15 நிமிடம்தான். நாம் 24 மணி சேர்க்கிறோம். 45 நிமிடம் அதிகம். ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் வகுத்த நாள்காட்டி இதைக் கவனிக்கவில்லை. 1582க்குள் 10 நாள் பிசகிவிட்டது. போப் கிரிகோரி அதைத் திருத்தினார். அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 என்றார்! 400 வருடத்தில் மூன்று லீப் நாளையும் குறைத்தார். அதனால் 1900 லீப் வருடம் இல்லை. 2000 லீப் வருடம். 2100 இல்லை.

நம் பஞ்சாங்கமும் கொல்லவருடமும் வேறு வழி. அவற்றில் லீப் நாள் கிடையாது. சூரியன் ராசி மாறுவதை வைத்து மாதம் பிறக்கும். அந்த வருடம் சுமார் 20 நிமிடம் நீளம். விஷு என்றாலே சமம் என்று பொருள். முன்பு பகலும் இரவும் சமமான நாளில் வந்த விஷு, இப்போது ஏப்ரல் 14, 15இல் வருகிறது. தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அது நட்சத்திரக் கணக்கு. வெயில், மழைக் கணக்கு அல்ல.

“அப்போ வாடகை?” என்றார் அக்கா.

“கொடுக்கத்தான் வேண்டும் அக்கா. அன்றைக்குப் பூவும் விற்குமே!”

செய்து பாருங்கள்: உங்கள் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு எண்ணை 4ஆல் வகுங்கள். மீதி இல்லை என்றால் லீப் வருடம். (00 என்று முடிந்தால் முழு ஆண்டையும் 400ஆல் வகுக்க வேண்டும்.) 2028? 2030? 2200?