களைப்பு வேறு, சோம்பல் வேறு
புற்றுநோயாளியின் உடற்சோர்வு பற்றி ஒரு பாடம்



களைப்பு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. காலையில் பிரட்டுக்குப் போய், மலையேறி, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வரும்போது உடம்பு எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். அதற்கு மருந்தும் தெரியும். சுடுதண்ணியில் ஒரு குளிப்பு, வயிறாரச் சாப்பாடு, ஒரு ராத்திரி நல்ல தூக்கம். விடிந்தால் உடம்பு மறுபடி எழும்பிவிடும்.

இந்த மாதப் பாடம் அந்த மருந்துகளுக்குக் கேட்காத ஒரு களைப்பைப் பற்றியது. புற்றுநோய் கண்டவர்களுக்கும், அதற்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கும் வருகின்ற களைப்பு அது. எட்டு மணித்தியாலம் தூங்கினாலும் போகாது. பானையைத் தூக்கவும் கை வராது. பேசிக்கொண்டிருக்கும்போதே என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துபோகும். சிகிச்சை முடிந்து பல மாதம் கழிந்த பிறகும் சிலருக்கு இது இருக்கும்.

இதை ஏன் பாடமாக எழுதுகிறோம்?

ஏனென்றால் லயத்தில் இந்தக் களைப்புக்கு நாம் வைத்திருக்கிற பெயர் வேறு. "ஆஸ்பத்திரியில இருந்து வந்து மூணு மாசமாச்சு, இன்னும் படுத்துக்கிட்டே கெடக்கா" என்று ஒரு பேச்சு. "வேலைக்குப் போனா எல்லாம் சரியாப் போயிடும்" என்று இன்னொரு பேச்சு. நோயாளியும் இதைக் கேட்டுக் கேட்டுத் தன்னையே சோம்பேறி என்று நினைத்துக்கொள்கிறாள். கொழுந்துக் கிலோவை வைத்து ஆளை மதிக்கிற இடத்தில், கூடை தூக்க முடியாதவளுக்கு வாய் திறக்கவே வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கீமோ என்கிற மருந்தேற்றலோ கதிர்ச் சிகிச்சையோ நடக்கும்போது களைப்பு கூடினால், "நோய் முத்திப்போச்சு" அல்லது "மருந்தே ஆளைக் கொல்லுது" என்று பயந்து சிலர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். களைப்பு கூடுவதால் மட்டும் நோய் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. பாதியில் நிறுத்திய சிகிச்சை உயிருக்கே ஆபத்தாகலாம்.

தாதிமார் கண்டுபிடித்தது

முந்திய காலத்தில் டொக்டர்மார் நோயாளியிடம் வலியைப் பற்றிக் கேட்டார்கள், வாந்தியைப் பற்றிக் கேட்டார்கள். களைப்பைப் பற்றி அவ்வளவாகக் கேட்கவில்லை. இராப்பகலாகக் கட்டிலருகே நின்றவர்கள் தாதிமார். ஆகவே அதை ஆராய முன்வந்தவர்களிலும் தாதிமார் முக்கியமானவர்கள்.

அமெரிக்காவில் பார்பரா பைப்பர் என்ற தாதி ஆய்வாளர் 1980களில் களைப்பை அளப்பதற்கு ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். 1998இல் அது 22 கேள்விகளாகச் சுருக்கித் திருத்தப்பட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்ல வேண்டும். உடம்பு எப்படி என்று மட்டும் அதில் கேட்பதில்லை. மனம் எப்படி, யோசனை எப்படி, அன்றாட வேலை எவ்வளவு தடைப்படுகிறது என்றும் கேட்பார்கள்.

விக்டோரியா மொக் என்ற இன்னொரு தாதி ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மார்புப் புற்றுநோய்க்காக ஆறு கிழமை கதிர்ச் சிகிச்சை தொடங்கிய 46 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினர் அதோடு சேர்த்து, கிழமைக்கு நாலைந்து தடவை, 20 முதல் 30 நிமிடம் தங்கள் வேகத்திலேயே நடந்தார்கள். நடந்தவர்களுக்குக் களைப்பு குறைவாக இருந்தது, தூக்கம் நன்றாக வந்தது, மனப் பதற்றமும் குறைந்தது. அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும் இதையே உறுதிப்படுத்தின.

களைத்தவரை நடக்கச் சொல்வது முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் நாள் முழுதும் படுத்தே இருந்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் சின்ன வேலைக்கும் பெரிய களைப்பு வரும். அதனால் மறுபடி படுக்கத் தோன்றும். கொஞ்ச நடை இந்தச் சுற்றை உடைக்கிறது.

களைப்பு எதனால் வருகிறது?

காரணம் ஒன்றல்ல. நோய், மருந்து, கதிர்ச் சிகிச்சை, இரத்தக் குறைவு, வலி, வாந்தியால் சாப்பிடாமல் இருப்பது, தூக்கமின்மை, கவலை, கிருமித் தொற்று எல்லாம் சேர்ந்து வரலாம். இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. அதனால்தான் ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும் என்கிறோம்.

நம் பெண்களிடம் இரத்தக் குறைவு ஏற்கெனவே அதிகம். சோறு தின்ற கையோடு சாயத்தண்ணி குடித்தால், சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையே ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். ஆனால் புற்றுநோயாளி தானாக இரும்பு மாத்திரை வாங்கிக் குடிக்கக் கூடாது. டொக்டர் சொன்னால் மட்டும் குடிக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. தினமும் ஒரு நேரத்தில் களைப்புக்கு எண் போடுங்கள். களைப்பே இல்லை என்றால் 0. இதைவிட மோசமாக இருக்க முடியாது என்றால் 10. மூன்று வரை லேசானது. நாலு முதல் ஆறு வரை நடுத்தரம். ஏழும் அதற்கு மேலும் கடுமையானது. நாலுக்கு மேல் போனால் அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். ஏழுக்கு மேல் என்றால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

2. பிள்ளையின் பழைய கொப்பியில் அதை எழுதி வையுங்கள். எந்த நேரத்தில் உடம்பில் தெம்பு இருக்கிறது என்று சில நாளில் தெரியும். முக்கியமான வேலையை அந்த நேரத்துக்கு வையுங்கள். தண்ணி சுமப்பது, விறகு எடுப்பது போன்றவற்றை வீட்டு ஆண்கள் செய்யட்டும்.

3. டொக்டரிடம் கேட்டுக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள். லயத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் நடந்தாலும் நடைதான். ஏற்றத்தில் வேண்டாம், சமதரையில் நடந்தால் போதும். கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டலாம்.

4. பகலில் தூங்கலாம், ஆனால் அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். ராத்திரித் தூக்கம் கெட்டுவிடும்.

5. காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், தலைசுற்று, இரத்தக் கசிவு, புதிதாக எலும்பு வலி இருந்தால் நடக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். கீமோ பெறுகிறவருக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால் அது அவசரம். விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

வன்னியிலுள்ள நம் சொந்தங்கள்

நம்மில் பலருக்கு வன்னியில் உறவு உண்டு. 1958, 1977, 1983 கலவரங்களில் மலையை விட்டுப் போனவர்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும், இந்த இதழை அனுப்பி வையுங்கள்.

முல்லைத்தீவில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கோ, தெற்கே மஹரகமவுக்கோ போக நேர்கிறது. தெல்லிப்பழையே நூறு கிலோமீற்றருக்கு மேல். 2011 ஜூலையில் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாளில் 670 கிலோமீற்றர் நடந்து பணம் திரட்டியது தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காகத்தான். கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் கிழமைக்கு ஐந்து நாள், பல கிழமை நடக்கும். பஸ்ஸில் போய் வருவதே பாதி உயிரை எடுத்துவிடும். முடிந்தால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்க வழி பாருங்கள். நம் பக்கத்தில் கண்டியிலும் பதுளையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே போகிறவர்களும் பயணக் களைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மிஸ்ஸிக்கும் உடம்பு உண்டு

"மிஸ்ஸி எரிஞ்சு விழுறாங்க, அதான் ஒண்ணும் சொல்லல" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. தாதிமாரின் வேலையையும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். 2002இல் லிண்டா எய்க்கன் என்ற தாதிப் பேராசிரியையின் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகளில் செய்த ஆய்வு வெளிவந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தாதிமார் அதில் பதில் சொன்னார்கள். ஒரு தாதி பார்க்கும் சத்திரசிகிச்சை நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. தாதி வேலையில் மனம் நொந்து சலித்துப்போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. ஆகவே தாதியின் களைப்பும் நோயாளியின் உயிரும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை.

2009ஆம் ஆண்டு யுத்தத்தின் கடைசி மாதங்களில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்தபோதும் தாதிமார் காயக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் வீடும் பிள்ளையும் பயமும் இருந்தன. அவர்களையும் மனிதர்களாக நினைத்து, சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசினால் அவர்களுக்கும் நமக்கும் நல்லது.

அங்கேதான் அந்த எண் உதவுகிறது. "ஒரு மாதிரியா இருக்கு மிஸ்ஸி" என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. "போன கிழமை நாலு, இந்தக் கிழமை ஏழு, ராத்திரி தூக்கமும் இல்லை" என்றால் உடனே விளங்கும். மஹரகமவிலோ கண்டியிலோ தமிழ் தெரிந்த தாதி இல்லையென்றால் "மட்ட ஹரி மஹன்சியி" என்று சொல்லுங்கள். எனக்குக் கடும் களைப்பு என்று சிங்களத்தில் அர்த்தம். "தஹயென் ஹதக்" என்றால் பத்துக்கு ஏழு. அதுவும் வாயில் வராவிட்டால் விரலைக் காட்டலாம். பத்து விரலுக்கு எந்தப் பாஷையும் தேவையில்லை.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

வீட்டில் ஒருவர் சிகிச்சை முடிந்து வந்தால் "எப்ப வேலைக்குப் போற?" என்று கேட்காமல், "இன்னைக்கு எத்தனை?" என்று கேளுங்கள். டொக்டர் லேசான வேலை என்று துண்டு தந்தால், அதைப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் தோட்ட ஆபிசுக்கோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ கொண்டு வாருங்கள். கூட இருந்து பார்க்கிறவரும் களைத்துப்போவார். ஒருவர் தலையில் மட்டும் பாரத்தைக் கட்டாமல் முறை வைத்துப் பாருங்கள்.

பாடத்திலிருந்து கேள்விகள்
(வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டவும்.)

1. வேலைக் களைப்புக்கும் புற்றுநோயாளியின் களைப்புக்கும் என்ன வித்தியாசம்?
2. களைப்புக்கு எண் 7 என்றால் என்ன செய்ய வேண்டும்?
3. எந்தெந்த நேரத்தில் நடக்கக் கூடாது?
4. உங்கள் லயத்தில் சிகிச்சை பெறுகிறவர் யாராவது இருந்தால், அவருக்காக இந்தக் கிழமை நீங்கள் எடுத்துச் செய்யக்கூடிய ஒரு வேலை என்ன?

நாலாவது கேள்விக்குப் பதிலை எழுத வேண்டாம், செய்து காட்டினால் போதும்.