ஈஸ்ட்டின் சிக்கனம்

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் பனைமரங்களைக் கண்டிருப்பீர்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர் கிடைக்கும். தடவாவிட்டால் ஈஸ்ட் பெருகிச் சாறு நொதித்துக் கள்ளாகும்.

1 மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 200 ஈஸ்ட் செல்களை வரிசையாக வைக்கலாம். இத்தனை சிறிய செல்லின் சவ்விலும் சர்க்கரையை உள்ளே விடும் புரத வாயில்கள் உண்டு. சாற்றில் சர்க்கரை குறையக் குறைய வாயில்களும் மாறவேண்டும். எப்படி?

சவ்வு உட்குழிந்து, குமிழியாகிப் புரதங்களை உள்ளே கொண்டுபோகிறது. குமிழி சேருமிடம் எண்டோசோம். அங்கே தரம் பிரிக்கப்படுகிறது. மீண்டும் வேண்டியவை சவ்வுக்குத் திரும்புகின்றன. யுபிக்விட்டின் என்னும் சிறு புரதம் ஒட்டப்பட்டவை வாக்குவோலில் சிதைகின்றன. அவற்றின் அமினோ அமிலங்கள் புதுப் புரதங்களாகின்றன. எதுவும் வீணில்லை!

குமிழிப் போக்குவரத்துக்கான மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த ராண்டி ஷெக்மன் 2013-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் செல்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.