தொண்டரும் கரிசல் மண்ணும்

அயல்நாட்டுக் கிராமத்தில் தொண்டாற்றச் செல்பவர் முதலில் அவ்வூர் வாழ்வைக் கற்றல் வேண்டும். 1961ஆம் ஆண்டில் தோன்றிய அமெரிக்க அமைதிப் படை, தன் தொண்டர்களுக்கு மொழியையும் பழக்கவழக்கங்களையும் பயிற்றுவித்தே அனுப்பியது. அவர்கள் 1976 வரை இந்தியாவில் பணிபுரிந்தனர். ஆயினும் பயிற்சிக்கூடம் தருவது பாதிப் பாடமே. மீதியை ஊர்தான் புகட்ட வேண்டும்.

1901 முதல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் கோவில்பட்டிக் கரிசலையே எடுத்துக்கொள்வோம். மழை பெய்தும் உழவர் ஏர் பூட்டவில்லையே எனப் புதியவர் வியக்கலாம். நனைந்த கரிசல் கலப்பையில் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் இறுகி வெடிக்கும். பதம் வாய்க்கும் நாட்கள் சிலவே. இதனை அறியாதவர் உழவரைச் சோம்பேறி என்றே எண்ணுவார்.

ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள், வரும் தொண்டருக்கு மாலையிடுவதோடு நில்லாது, ஒரு பருவம் முழுவதும் அவரை உழவரோடு புஞ்சைக்கு அனுப்புவார்களாக. வெளிநாடு செல்லும் நம் இளைஞரும் அவ்வாறே கற்பாராக.