கன்ஸ்டன் ஹால்: ஜார்ஜியச் செங்கல் மனையின் ஒழுங்கும் படிநிலையும்

முன்னுரை

இங்கிலாந்தில் ஜார்ஜ் என்னும் பெயருடைய நான்கு மன்னர்கள் 1714 முதல் 1830 வரை அடுத்தடுத்து ஆண்ட காலத்தில் செழித்த கட்டடக்கலை ஜார்ஜியப் பாணி எனப்படும். சமச்சீர் அதன் உயிர்நாடி. அப்பாணி அமெரிக்கக் குடியேற்றங்களிலும் வேரூன்றியது. வர்ஜீனியாவில் பொட்டோமாக் ஆற்றருகே ஜார்ஜ் மேசன் 1755க்கும் 1759க்கும் இடையில் எழுப்பிய கன்ஸ்டன் ஹால் அதற்குத் தக்க சான்றாகும். இம்மனையின் ஒழுங்கு ஒரு சமூகப் படிநிலையின் வெளிப்பாடு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

புறத்தோற்றம்

ஒன்றரை அடுக்குடைய இம்மனையின் சுவர்கள் பிளெமிஷ் கட்டுமுறையில் அமைந்தவை. இம்முறையில் ஒவ்வொரு வரிசையிலும் செங்கலின் நீள்முகமும் குறுமுகமும் மாறிமாறி வரும். குறுமுகமாய்த் தெரியும் செங்கல் சுவரின் உட்புறம் நோக்கி நீண்டு அதனைப் பிணைக்கிறது. எனவே அழகும் உறுதியும் ஒரே உத்தியால் கிட்டுகின்றன. மூலைகளில் வெளிர்நிற மணற்கற்கள் செங்கலின் செம்மையை வரையறுக்கின்றன. நிலப்புற முகமண்டபம் செவ்வியல் பாணியிலும், ஆற்றுப்புற மண்டபம் கூர்வளைவுகளுடன் கோத்திக் சாயலிலும் அமைந்துள்ளன.

அகத்தோற்றம்

எளிய புறத்திற்கு மாறாக அகம் செறிந்த மரவேலைப்பாடு உடையது. இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராக வந்த தச்சர் வில்லியம் பக்லண்ட் இதனை வடிவமைத்தார்; செதுக்குப் பணியில் வில்லியம் பெர்னார்ட் சியர்ஸ் பங்கேற்றார். நடுவே நீளும் நடைகூடத்தின் ஒருபுறம் விருந்தினருக்குரிய அறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று சீனக் கலைச்சாயலும் மற்றொன்று பல்லாடியச் செவ்வியல் அலங்காரமும் கொண்டவை. மறுபுறத்துக் குடும்ப அறைகளிலும் மேல்தளப் படுக்கையறைகளிலும் அலங்காரம் குறைகிறது. ஆகவே, அலங்காரத்தின் அளவே அவ்வறையில் நுழைவோரின் தகுதியைச் சுட்டும் குறியீடாகிறது.

உழைப்பும் முரணும்

இப்படிநிலையின் அடித்தட்டில் இருந்தோர் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க வம்சாவளியினர். மேசனின் பண்ணையும் மனை வாழ்வும் அவர்களது உழைப்பையே சார்ந்திருந்தன. மனிதர் அனைவரும் இயல்பிலேயே விடுதலையுடையோர் என்னும் கருத்தை முன்வைத்த வர்ஜீனிய உரிமைச் சாசனத்தை 1776இல் வரைந்தவரும் மேசனே. அடிமை வணிகத்தைக் கண்டித்த அவர், தம் அடிமைகளை விடுவிக்கவில்லை.

முடிவுரை

பக்லண்டின் பெயர் கட்டடக்கலை வரலாற்றில் நிலைத்தது. மனையைத் தாங்கிய அடிமைகளின் உழைப்பு அதற்கு நிகராகப் பேசப்படவில்லை. கன்ஸ்டன் ஹாலின் சமச்சீர் சுவர்களில் நிறைவுற்றது. அதில் வாழ்ந்த மாந்தரிடையே நிறைவுறவில்லை. ஒரு மனையின் கலைநயத்தை மதிப்பிடும் ஆய்வு, அதனைத் தாங்கிய உழைப்பையும் சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும்.