நைலானும் ரப்பரும் உடம்படுமாறு

தமிழ் பயிலும் மாணவர் இத்தகைய பொருள் குறித்து எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், 1888-ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கோயமுத்தூரில் பஞ்சாலை நிறுவிய காலந்தொட்டு, கொங்கு நாட்டு மக்களின் வாழ்வு இயந்திரங்களோடு பின்னிக் கிடக்கின்றது. அவ்வியந்திரங்களில் வழங்கும் இரு பொருள்களை ஒன்றுபடுத்தும் முறையைச் சிறிது ஆராய்வதே எம் நோக்கம்.

நைலான், அமெரிக்க நாட்டு டூபாண்ட் ஆய்வுசாலையில் வாலஸ் கரோதர்ஸ் என்பாரும் அவர்தம் துணைவரும் 1935-இல் ஆக்கிய செயற்கைப் பொருளாகும். சிறு மூலக்கூறுகள் பல சங்கிலிபோற் கோவையுற்று நெடுமூலக்கூறாக அமைந்தது அது. அச்சங்கிலிகள் ஒன்றையொன்று வலிமையாக ஈர்த்து நிற்றலின், நைலான் உறுதி மிக்கது, எளிதில் தேயாதது. ஆகவே பற்சக்கரம், புஷ் முதலியன அதனாற் செய்யப்பெறுகின்றன. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. உலர்ந்த நைலானில் சிறு வெட்டோ கீறலோ இருப்பின், திடீரென அடிபடுங்கால் அவ்விடத்திலேயே பிளந்துவிடும். பற்சக்கரத்தில் ஒவ்வொரு பல்லின் அடியும் ஒரு வெட்டுப் போன்ற மூலையே அன்றோ! பல் ஒன்று முறிந்தால் இயந்திரம் நிற்கும். அன்றைய வேலையும் கூலியும் உடன் நிற்கும். சிறு பட்டறைக்காரர்க்கு இஃது அற்பச் செய்தியன்று.

அடியைத் தாங்கும் இயல்பு ரப்பருக்கு உண்டு. அங்ஙனமாயின் இரண்டையும் உருக்கிக் கலந்தால் என்ன? கலக்கலாம், ஆனால் அவை கூடா. ரப்பர் கரியும் நீரகமும் மட்டுமே கொண்ட எண்ணெய்க் குலத்தது. நைலானோ நீரை விரும்பி உறிஞ்சுவது. நீரில் ஊற்றிய எண்ணெய் திரளுமாறு போல, ரப்பர் பெருந்துளிகளாகத் திரண்டு நைலானின் இடையே தனித்து நிற்கும். அடி விழுந்தவுடன் துளியும் நைலானும் பிரிந்து, அப்பிரிவே புதிய வெடிப்பாகும். நோய்க்கு இட்ட மருந்தே நோயாயிற்று.

இவ்விடத்தில் நம் இலக்கணம் ஓர் உவமை தருகின்றது. உயிரும் உயிரும் நேரே புணரா. மணி, அழகு என்னும் இரண்டினிடையே யகரம் தோன்றி மணியழகு என்றாக்கும். பூ, அழகு என்பவற்றினிடையே வகரம் தோன்றிப் பூவழகு என்றாக்கும். இதனை உடம்படுமெய் என்பர். இவ்விதியை நன்னூலில் வகுத்த பவணந்தி முனிவர் கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் என்று கூறுவாரும் உளர். நைலானும் ரப்பரும் புணர்வதற்கும் ஓர் உடம்படுமெய் வேண்டும்.

அதனை விஞ்ஞானிகள் கண்டனர். ரப்பர்ச் சங்கிலியில் மலேயிக் அன்ஹைட்ரைடு என்னும் பொருளைச் சிறிதளவு ஒட்டுக் கட்டுகின்றனர். நூற்றுக்கு ஒரு பங்கே பெரும்பாலும் போதும். பின்னர் இரட்டைத் திருகு இயந்திரத்தில் நைலானோடு உருக்கிப் பிசையுங்கால், நைலான் சங்கிலியின் நுனியிலுள்ள அமீன் என்னும் பகுதி அதனைப் பற்றிக்கொள்கின்றது. ஒரு கை நைலானிலும் ஒரு கை ரப்பரிலுமாக நிற்கும் புதிய மூலக்கூறு எல்லையிலே பிறக்கின்றது. அது துளிகளை மீண்டும் திரளவொட்டாது தடுத்தலின், அவை ஒரு மைக்ரானுக்கும் குறைந்த நுண்துளிகளாகி எங்கும் பரவுகின்றன. நைலான் உருகும் பெருவெப்பத்தை இயற்கை ரப்பர் நெடிது தாங்காதாகையால், எதிலீன்–புரோப்பிலீன் வகைச் செயற்கை ரப்பரே இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது.

இதன் பயன் யாது? அடி விழுங்கால் நுண்துளிகளினுள்ளே சிறு வெற்றிடங்கள் உண்டாகின்றன. அதனாற் சுற்றியுள்ள நைலான் பிளவுபடாது இழுபட்டு, அடியின் ஆற்றலை ஏற்றுக்கொள்கின்றது. நூற்றுக்கு இருபது பங்கு ரப்பர் சேர்ந்த நைலான், வெட்டுண்ட நிலையிலும் பத்து மடங்குக்கு மேல் அடிதாங்குவதாகும். டூபாண்ட் நிறுவனம் 1970-களின் நடுவில் இத்தகைய நைலானை விற்பனைக்குக் கொணர்ந்தது. துளிக்கும் துளிக்கும் இடைப்பட்ட நைலான் ஏறக்குறைய 0.3 மைக்ரானுக்குக் குறைந்தாலன்றி இந்நன்மை விளையாது என்பதை, அந்நிறுவனத்துச் சூஹெங் வூ என்பார் 1985-இல் விளக்கினார்.

எனினும் ஒன்றைப் பெற ஒன்றை இழத்தல் வேண்டும். ரப்பர் மிகுந்தால் விறைப்பும் இழுவலிமையும் குறையும். துளிகள் அளவிறந்து நுண்ணியவாயினும் வெற்றிடம் தோன்றாது பயன் கெடும். ஆதலின், எவ்வுறுப்புக்கு எவ்வளவு என்று அறிந்து சேர்ப்பதே திறமை.

உருக்கிக் கலவாது, அடுக்காக ஒட்டும் முறையும் ஒன்றுண்டு. பஞ்சாலை ரிங் பிரேமில் கதிர்களைச் சுழற்றும் டேப்பில் நடுவே நைலானும் மேலே செயற்கை ரப்பரும் அமைந்தவை உள்ளன. எஸ். ஆர். எஃப். நிறுவனம் சென்னையை அடுத்த மணலியில் 1974-இல் ஆக்கத் தொடங்கிய நைலான் டயர்த்துணியும் இவ்வினத்தது. அத்தகைய துணியை ரெசார்சினால், பார்மால்டிஹைடு, ரப்பர்ப்பால் ஆகியவற்றின் கலவையில் தோய்த்த பின்னரே ரப்பர் அதனைப் பற்றும். ஆங்கும் ஓர் உடம்படுமெய்யே தொழில் செய்கின்றது! ஆனால் இங்ஙனம் இறுகப் பிணைத்தமையால், தேய்ந்த டயரிலிருந்து நூலையும் ரப்பரையும் பிரித்து மீளப் பயன்படுத்துவது அரிதாயிற்று. சேர்க்கக் கற்ற அறிவு பிரிக்கவும் கற்றல் இனி நம் தலைமுறைக்குரிய கடனாகும்.

முறிந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் வினவும் பட்டறைத் தொழிலாளர்க்கு, அவர்தம் தாய்மொழியிலேயே விடை கூற வல்லராதல் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் நண்பர் பொருளை நல்கட்டும். தமிழ் பயிலும் யாம் சொல்லை நல்குவோம். இவ்விரு திறத்தாரும் உடம்படின், நாட்டுக்கு நலம் விளையும் என்பது திண்ணம்.