தைராய்டு என்னும் கழுத்துச் சுரப்பி: ஐயம் எழுந்தால் என்ன செய்வது?

நம் மலையில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் வீட்டு வைத்தியம், அடுத்து கோவிலில் ஓர் அர்ச்சனை, நெற்றியில் திருநீறு, கையில் மந்திரித்த கயிறு, அதற்கும் அப்பால்தான் ஆஸ்பத்திரி என்பது பாட்டன் பாட்டி காலத்திலிருந்து வந்த வரிசை. சாதாரணச் சளி இருமலுக்கு இந்த வரிசையால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் உடம்பைத் தின்னும் நோய்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றுதான் தைராய்டு கோளாறு. ஆலயத்துக்கு வரும் தாய்மார்கள் பலர் "உடம்பு முன்னைப்போல இல்லை ஐயா" என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் இவ்வாண்டு மலரில் இதைப் பற்றி எழுத முன்வந்தேன். நான் மருத்துவன் அல்லன். வகுப்பறையில் அறிவியல் பாடம் நடத்தியவன். ஆகவே பாடமாகவே சொல்கிறேன்.

நம் தொண்டைக் குமிழுக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். அது சுரக்கும் தைராக்சின் என்னும் நீர் இரத்தத்தில் கலந்து இதயம், குடல், தோல், மூளை என்று எல்லா உறுப்புகளும் எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. சுரப்பு குறைந்தால் உடம்பு முழுவதும் மந்தமாகும். கூடினால் எல்லாம் தலைகால் தெரியாமல் ஓடும். ஆண்களைவிடப் பெண்களுக்கே இக்கோளாறு பல மடங்கு அதிகம்.

சுரப்பு குறைந்தவருக்கு வரும் அறிகுறிகளைப் பாருங்கள். அசதி, குளிர் தாங்காமை, எடை கூடுதல், மலச்சிக்கல், வறண்ட தோல், முடி கொட்டுதல், முகம் ஊதியதுபோல் இருத்தல், குரல் கரகரத்தல், மறதி, மாதவிலக்கில் அதிகப் போக்கு. இவற்றுள் எது நம் மலையில் புதுமை? கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில் காலை நேரத்தில் யாருக்குத்தான் குளிராது? நாள் முழுதும் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்தவளுக்கு அசதி இல்லாமல் இருக்குமா? ஈப்போவிலோ கிள்ளானிலோ ஒரு பெண் உச்சி வெயிலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றால் பக்கத்து வீட்டார் "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். இங்கே எல்லாரும் கம்பளிச் சட்டைதான். கேமரன் மலையில் இந்த நோய் மறைந்துகொள்ள இடம் அதிகம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. எனவே "குளிருகிறதா?" என்று கேட்டுக்கொள்வதில் பயனில்லை. "போன ஆண்டு இதே மாதத்தில் தாங்கிய குளிரை இந்த ஆண்டு தாங்க முடிகிறதா? வீட்டில் மற்றவர்களுக்கு இல்லாத குளிர் எனக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுரப்பு மிகுந்தவர்களின் கதை நேர்மாறானது. நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு மெலியும். நெஞ்சு படபடக்கும். கையை நீட்டினால் விரல்கள் நடுங்கும். இந்தக் குளிரிலும் வியர்க்கும். தூக்கம் வராது, சட்டென்று கோபம் வரும். சிலருக்குக் கண்கள் வெளியே துருத்தும். வீட்டில் இதைக் "காற்றுச் சேட்டை" என்றும், யாரோ வைத்த சூனியம் என்றும் சொல்லிப் பூசாரியைத் தேடுவார்கள். வேண்டுதலை நான் குறை சொல்லவில்லை. ஆலயக் குழுவில் இருப்பவன் அப்படிச் சொல்லவும் மாட்டேன். வேண்டுதலும் நடக்கட்டும், அதே வாரத்தில் இரத்தப் பரிசோதனையும் நடக்கட்டும்.

கழுத்தில் வீக்கம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்று அண்ணாந்து, ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள். விழுங்கும்போது தொண்டைக் குமிழுக்குக் கீழே ஏதாவது மேடு மேலே ஏறி இறங்கினால் அது தைராய்டில் இருக்கலாம். கழுத்தின் பக்கவாட்டில் நெறி கட்டியதுபோல் வருவது வேறு; காசநோயினாலும் அப்படி வரும், அதையும் காட்டத்தான் வேண்டும். கட்டி விரைவாக வளர்ந்தாலோ, குரல் மாறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக்கூடாது. வீக்கமே இல்லாமலும் தைராய்டு கெடும் என்பதையும் மறக்கக்கூடாது. "கழுத்து நன்றாகத்தானே இருக்கிறது" என்று இருந்துவிடுபவர்கள் நிறைய.

கழுத்துக் கழலைக்கும் மலைக்கும் பழைய உறவு உண்டு. மழை மலைமண்ணிலிருந்து அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விடும். அயோடின் இல்லாமல் தைராக்சின் உருவாகாது. பற்றாக்குறையை ஈடுகட்டச் சுரப்பி வீங்கும். இமயமலைச் சாரலில் காங்கிரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் 1956-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். சில பகுதி மக்களுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்கு வெறும் உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட ஊர்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. அதையொட்டி 1962-இல் இந்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நம் நாட்டிலும் சரவாக் மாநிலத்தின் உட்பகுதிகளில் கழலை பரவலாக இருந்ததால் 1982-இல் அங்கே அயோடின் உப்புக்குச் சட்டம் வந்தது. ஆகவே கடையில் உப்பு வாங்கும்போது உறையில் அயோடின் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டுக் கடற்பாசியும் அயோடின் மாத்திரையும் வாங்கத் தொடங்கிவிட வேண்டாம். உப்பில் போதிய அயோடின் கிடைக்கும் இடங்களில் சுரப்பு குறைவதற்கு முக்கியக் காரணம் வேறு. நம் உடம்பின் காவல் படையே தன் சுரப்பியைப் பகை என்று நினைத்துத் தாக்குகிறது. 1912-இல் நான்கு பெண்களின் சுரப்பிகளை ஆராய்ந்து இதை எழுதிய ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோவின் பெயராலேயே இந்நோய் இன்றும் வழங்குகிறது. இப்படிப்பட்டவருக்கு அளவுக்கு மீறிய அயோடின் கெடுதலே செய்யும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மலையின் புகழ் முட்டைக்கோசுக்கு உண்டல்லவா, அதைத் தின்றால் தைராய்டு வரும் என்று ஒரு பேச்சு. அயோடின் போதுமான அளவு கிடைப்பவர், சமைத்த முட்டைக்கோசை வழக்கமான அளவில் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. தோட்டக்காரர்கள் வயிற்றில் அடிக்க வேண்டாம்.

இனி பரிசோதனைக்கு வருவோம். தைராய்டா இல்லையா என்று முகத்தைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரத்தசோகை, நீரிழிவு, மனச்சோர்வு, மாதவிலக்கு நிற்கும் பருவம் எல்லாமே இதே மாதிரி அசதியைத் தரும். இரத்தத்தில் டி.எஸ்.எச். என்ற ஒன்றை அளந்து பார்ப்பதே முதற்படி. இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு கொழுந்து எடுப்பவர். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி மண்டோர். கூடையில் கொழுந்து குறைந்தால் மண்டோர் சத்தம் போடுவார். இன்னும் குறைந்தால் இன்னும் உரக்கச் சத்தம் போடுவார். அந்தச் சத்தம்தான் டி.எஸ்.எச். கூடை நிரம்பி வழிந்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். ஆகவே டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால் சுரப்பு குறைவு, தாழ்ந்திருந்தால் சுரப்பு அதிகம். "எண் அதிகமாக இருக்கிறது, அதனால் எனக்குத் தைராய்டு அதிகம்" என்று தலைகீழாகச் சொல்பவர்களை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பொதுவாக 0.4 முதல் 4 வரை சரியான அளவு என்பார்கள். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் சிறிது மாறும். அது சரியில்லை என்றால் டி4 என்னும் தைராக்சின் அளவையும், தேவைப்பட்டால் எதிர்ப்பொருள் சோதனையையும் செய்வார்கள். கட்டி இருந்தால் ஸ்கேன்; அதில் ஐயம் இருந்தால் மெல்லிய ஊசியால் சில அணுக்களை எடுத்துப் பார்ப்பார்கள்.

எங்கே போவது? குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. நிபுணர் பார்க்க வேண்டும் என்றால் ஈப்போ போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். அந்தக் கடிதத்தின் பெயர் 'சூராட் ருஜுக்கான்'. மலையிறங்கும் முன் அது பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிவு அன்றே வராமலும் போகலாம். மறுபடி வரச் சொன்ன தேதியில் போகாததால் இரத்தம் கொடுத்ததே வீணாகிப் போனவர்கள் உண்டு. எடைக்குக் கூலி வாங்குபவருக்கு ஒரு நாள் போவது என்ன இழப்பு என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டு முறை அலைய வேண்டியதை ஆறு முறையாக்கிக் கொள்ளாதீர்கள் என்கிறேன்.

அலைச்சலுக்குப் பெரிய காரணம் மொழி. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, கொழுந்து எடுப்பவர், ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு ஆண்டுகள் சத்து மாத்திரையும் வயிற்று மாத்திரையும் வாங்கித் தின்றார். 'லெத்தி', 'லெத்தி' என்று அசதியை மட்டுமே அவருக்கு மலாயில் சொல்லத் தெரிந்தது. முடி கொட்டுவதையும், மாதவிலக்குத் தொல்லையையும், தம் தாயாருக்குக் கழுத்தில் கழலை இருந்ததையும் சொல்ல வார்த்தையும் இல்லை, கூச்சமும் விடவில்லை. பிறகு அவருடைய மகளை உடன் அனுப்பி, எல்லாவற்றையும் ஒரு தாளில் மலாயில் எழுதிக் கொடுத்தோம். அன்றே இரத்தம் எடுத்தார்கள். டி.எஸ்.எச். மிக உயர்ந்திருந்தது. நெஞ்சு படபடப்புக்கு 'பெர்டெபார்' என்று சொல்லுங்கள். 'தாக்குட்' என்றால் பயம் என்றாகிவிடும், மருந்தும் வேறாகிவிடும். கழுத்து வீக்கத்துக்கு 'பெங்காக் டி லெஹெர்'. எப்போது தொடங்கியது, எடை எவ்வளவு மாறியது, குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் மேல்நிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் இதை எழுதித்தர ஐந்து நிமிடம் போதும்.

சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும், ஜாமு, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள். முடிக்கும் நகத்துக்கும் விற்கும் பயோட்டின் மாத்திரை சில தைராய்டு சோதனைகளின் முடிவைப் பொய்யாகக் காட்டும்; இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். வலி போக்கும் சில ஜாமுக்களில் களவாக ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதுவும் டி.எஸ்.எச். அளவைத் தாழ்த்தும். ஆனால் டாக்டர் கொடுத்த மருந்து எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சுரப்பு குறைவு என்று உறுதியானால் பெரும்பாலும் தினம் ஒரு தைராக்சின் மாத்திரைதான் மருத்துவம். வெறும் வயிற்றில், தண்ணீருடன் விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே பசியாற வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்காரரிடம் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் காலைத் தேநீரும் காப்பியும் அதுவரை காத்திருக்கட்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மருந்தின் அளவு சரிதானா என்று ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்ப்பார்கள். அதற்குள் "ஒன்றும் தெரியவில்லையே" என்று விட்டுவிடக்கூடாது. சுரப்பு மிகுந்தவருக்குக் கொடுக்கும் கார்பிமசோல் மருந்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய் வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கருவுற்ற பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். முதல் மூன்று மாதங்களில் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராக்சின் தாயிடமிருந்தே வர வேண்டும். முன்பே மாத்திரை சாப்பிடுபவர், நாள் தள்ளிப்போனது தெரிந்த உடனே கிளினிக்கில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அளவைக் கூட்டுவார்கள். கர்ப்பத்துக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. பிறக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இதே டி.எஸ்.எச். பார்க்கும் வழக்கம் நம் அரசாங்க மருத்துவமனைகளில் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் முன் அதன் முடிவு என்ன, மறுபடி அழைத்தால் எந்தத் தொலைபேசி எண்ணுக்கு அழைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். எண்ணை மாற்றினால் மருத்துவமனைக்கும் சொல்லிவிடுங்கள்.